தொங்குபொருளியல்: திருநீர்மலை அடிவாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

சென்னையை அடுத்த திருநீர்மலையில் பெருமாள் நான்கு கோலங்களில் சேவை சாதிக்கிறார். அடிவாரக் கோயிலில் நீர்வண்ணராக நின்ற கோலம். மலைமேல் சாந்த நரசிம்மராக இருந்த கோலம், அரங்கநாதராகக் கிடந்த கோலம், உலகளந்தவராக நடந்த கோலம். இவ்வளவு தெளிவான வகைப்பாடு கையருகே இருந்தும், அதை அடிவாரப் பெட்டிக்கடைகளுக்குப் பொருத்திப் பார்க்க எந்தப் பல்கலைக்கழகமும் முன்வராதது வருந்தத்தக்கது. எண்ணெய் பாட்டில் நிற்கிறது. அரிசி மூட்டை உட்கார்ந்திருக்கிறது. சோப்பு கிடக்கிறது. பால் பாக்கெட் விடிகாலையில் வந்து, வெயில் ஏறுவதற்குள் நடையைக் கட்டிவிடுகிறது. ஆனால் கடைக்காரரின் முகத்தையே மறைத்துக்கொண்டு காற்றில் ஆடும் ஷாம்பு சரம் மட்டும் இந்த நான்கிலும் அடங்குவதில்லை. அது தொங்குகிறது. இந்த ஐந்தாம் கோலத்தின் தோற்றமும் பயனுமே இவ்வாய்வின் பொருள்.

முதலில் வரலாறு. மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததால், அது வடியும்வரை திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்கிறது தலவரலாறு. பாட்டில் ஷாம்பு விற்றவர்களும் அப்படித்தான் காத்திருந்தார்கள்: ஜனங்களின் வருமானம் ஏறட்டும், பிறகு தலையைக் கவனித்துக்கொள்ளலாம் என்று. ஆழ்வாருக்கு நீர் வடிந்தது. இவர்களுக்கு வடியவில்லை.

கடலூரில் சின்னிகிருஷ்ணன் என்பவர் காத்திருக்கவில்லை. முகப்பவுடர் டப்பாவில் மட்டும் விற்ற நாளில் அதை 20 கிராம் பொட்டலமாக்கினார். பேதி உப்பை 5 கிராம் வரை இறக்கினார். கூலித் தொழிலாளியும் ரிக்‌ஷாக்காரரும் வாங்க முடிந்ததுதான் சரக்கு என்பது அவர் கொள்கை. அவருடைய பிள்ளைகள் வெல்வெட் ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்து விற்றார்கள். அவர்களில் ஒருவரான சி.கே.ரங்கநாதன் குடும்பத் தொழிலைவிட்டு விலகி, 1983இல் 15,000 ரூபாய் முதலீட்டில் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். இன்றைய கெவின்கேர் நிறுவனத்தின் ஆதி அதுதான். ஊர் ஊராகப் போய் ஒரு பையனை உட்காரவைத்து, எல்லோர் முன்னிலையிலும் தலைக்கு ஷாம்பு போட்டு, கூட்டத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட்டானாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்றார்கள். போட்டியாளரின் குப்பைக்கும் மதிப்புக் கொடுத்த இத்திட்டத்தைப் பொருளியல் நூல்கள் போதிய மரியாதையோடு நடத்தவில்லை என்பது இக்கட்டுரையாளரின் தாழ்மையான மனக்குறை. 1999இல் 50 காசுக்கே பாக்கெட் வந்தது.

இங்கே அறிஞர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. விலை குறைந்ததால் விற்றது என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். குறைந்தது அளவு, மாறியது வாங்கும் கை. பாட்டில் ஷாம்பு மாதம் பிறந்தால் எழுதும் மளிகை லிஸ்ட்டில் இடம்பிடிக்க வேண்டும். அங்கே அதற்கு எதிரில் துவரம் பருப்பும் நல்லெண்ணெயும் உட்கார்ந்திருக்கும். லிஸ்ட் எழுதும் மாமியார் சீயக்காய்க் கட்சி. பாட்டில் டெபாசிட் இழக்கும். சரத்தில் தொங்கும் ஷாம்புவோ லிஸ்ட்டுக்குள் வருவதே இல்லை. பஸ்ஸுக்குப் போக மிச்சமிருக்கும் சில்லறை, காய்காரர் திருப்பிக் கொடுத்த காசு ஆகியவற்றோடுதான் அதற்குப் பேச்சு. மருமகள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆடம்பரம் என்று பெயர் வாங்கியிருந்த ஒரு பொருள் இப்படித்தான் வெள்ளிக்கிழமைச் செலவானது. (பிற்பாடு சீயக்காய்த் தூளும் பாக்கெட்டுக்குள் புகுந்து பக்கத்துச் சரத்தில் தொங்கியதை, மாமியார் கட்சியின் தந்திரமான பின்வாங்கல் என்று கொள்ளலாம்.)

களஆய்வுக்குத் திருநீர்மலையைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. முகூர்த்த நாளில் இங்கே கல்யாணக் கூட்டம் நெரியும். விடிவதற்கு முன்பே கடை வாசலில் ஈரத் துண்டோடு பெண் வீட்டார் நிற்பார்கள். “அண்ணே, ஷாம்பு ரெண்டு கிழிச்சுக் குடுங்க.” “ரெண்டு போதுமாம்மா? பொண்ணுக்கு முடி நீளமாச்சே.” உரையாடல் இதோடு முடியும். பிராண்டு பெயர் அடிபடாது. மிஞ்சிப்போனால் எந்த நிறம் என்று ஒரு கேள்வி வரும்.

பயன்பாட்டுமுறை தனி இயல். ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, பாதியைத் தேய்த்து, மீதியை மடித்துத் துணி கிளிப் போட்டுக் குளியலறை ஜன்னலில் வைப்பது சிக்கனப் பள்ளி. முழுச் சரத்தையும் வாங்கி வந்து, ஒவ்வொன்றாகக் கத்தரித்து, பழைய பாட்டிலில் ஊற்றி நிறைப்பது குரோம்பேட்டைப் பள்ளி. மில்லி கணக்கில் பாட்டிலைவிடப் பாக்கெட் மலிவாக விழுவதைக் கண்டுபிடித்த நடுத்தர வர்க்கம் அது. ஏழைக்கென்று பிரித்ததைப் பணம் உள்ளவர் மறுபடி சேர்த்துவைப்பது வேறு துறைகளில் நடக்காததல்ல என்றாலும், இவ்வளவு நுரையோடு நடப்பதில்லை.

நடப்புச் சிக்கல் ஒன்றும் பதிவுசெய்யத் தக்கது. 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்புவுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. கணக்குப்படி ஒரு ரூபாய்ப் பாக்கெட் 89 காசுக்கு இறங்க வேண்டும். ஆனால் 25 காசும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் முடிவோடு செல்லாமல் போயின. 50 காசு சட்டப்படி செல்லும், அடிவாரத்தில் செல்லாது. ஆக, அந்த 11 காசைக் கொடுக்கவோ வாங்கவோ நாட்டில் நாணயம் இல்லை. கடைக்காரரிடம் இதை விளக்கியபோது அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பாக்கிக்கு ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினார். மிட்டாய்க்கும் அதே நாளில் வரி குறைந்திருப்பதால், இப்போது யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது அடுத்த ஆய்வாளருக்கு விடப்படுகிறது.