ஹவில்தார் வீட்டுக்கு வந்துவிட்டார்

வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்றோர் ஊர் உண்டு. அங்கே பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீட்டைக் காண்பது அரிது என்பது அந்த ஜில்லாவில் யாவரும் அறிந்த சங்கதியாதலால், அவ்வூர்த் தெருவில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒருவர் நெஞ்சை நிமிர்த்திக் கைவீசி நடந்தால் நாய்கள்கூடத் தலைதூக்கிப் பார்க்கமாட்டா என்றே நினைக்கிறேன். நான் சொல்ல வந்த ஹவில்தாருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவர் ஊரில் பட்டாளத்துக்காரர் அவர் ஒருவரேயாகையால் நாய்கள் தினந்தோறும் குரைக்கின்றன. அவரும் அவற்றை விறைப்பாக நிற்கும்படி தினந்தோறும் ஹிந்தியில் ஆக்ஞாபிக்கிறார்.

பதினெட்டாம் வயதில் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, நீலகிரி வெலிங்டனில் பயிற்சி பெற்று, தம் தொப்பியில் இருந்த யானைச் சின்னம் 1803-ல் அஸ்ஸாயே யுத்தத்தில் காட்டிய தீரத்துக்காகக் கிடைத்தது என்பதைப் பெண் பார்க்கப் போன இடத்தில் கேசரி ஆறும்வரை விஸ்தரித்த அந்த மனிதர், ஐம்பது வயது நிரம்புமுன்னரே, வெள்ளைப் பெயிண்டில் நம்பர் எழுதிய கறுப்புத் தகரப் பெட்டியுடன் நிரந்தரமாக ஊர் வந்து சேர்ந்தார். கஷ்டம் அந்த ‘நிரந்தரமாக’ என்பதிலேதான் இருந்தது.

வருஷத்துக்கு அறுபது நாள் லீவில் வந்துபோன காலத்தில் அவருக்கு நடந்த உபசாரம் சாமானியமானதா? வந்த அன்று கோழி, மறுநாள் மீன், உறவினர் வீடுகளில் விருந்து, திண்ணையில் அவர் பனிமலைக் கதைகளைக் கேட்க ஒரு பெருங்கூட்டம்! அந்த அறுபது நாட்களே குடும்ப வாழ்க்கையின் இயல்பு என்று நம்பி வந்தவருக்கு, மூன்றாவது மாதத்தில் கோழி ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுங்கியதும், பிறகு ரசமும் அப்பளமும் ஸ்திரமாகக் குடியேறியதும், திண்ணைக் கூட்டம் ஒரே ஒரு செவிட்டுக் கிழவராகச் சுருங்கியதும் விளங்கவேயில்லை.

போதாக்குறைக்கு, அவர் தேசத்தின் எல்லையைக் காத்திருந்த அத்தனை வருஷமும் அவருடைய நிலத்தின் எல்லையைப் பங்காளிகளிடமிருந்து காத்து, கிணறு வெட்டி, நாத்தனாருக்குக் கல்யாணம் முடித்து, தாலுகா ஆபீஸ் படிகளைத் தேய்த்த மனைவிக்கு, திடீரென்று வந்திறங்கிய ஒரு சேனாதிபதி தேவைப்படவில்லை. காலை ஆறு மணிக்குக் குழந்தைகளை வாசலில் வரிசைப்படுத்தி அவர் நகம் பரிசோதித்த அன்று, அந்த அம்மாள் அடுப்பங்கரையிலிருந்தே, “ஏங்க, அதெல்லாம் அங்கயே முடிஞ்சுபோச்சு. ரேஷன்ல சர்க்கரை போடறாங்களான்னு போய்ப் பாத்துட்டு வாங்க” என்றாள். சர்க்கரை போட்டார்கள். அவரும் வாங்கி வந்தார்.

இருந்தாலும் மாதத்தில் ஒரு நாள் அவர் பழைய மகிமையை அடைவதுண்டு. மிலிட்டரி கேண்டீனுக்குப் போய் வரும் தினத்தில், அம்மை கண்டு கிடந்தபோது எட்டிப் பாராத மைத்துனர்மார்கள் தூரதேசங்களிலிருந்தெல்லாம் புறப்பட்டு வந்து, “மாமா, உடம்பு சௌக்கியமா?” என்று பையைப் பார்த்தபடியே குசலம் விசாரிப்பார்கள். ஹவில்தாரும் அஸ்ஸாயே யுத்தத்தைத் தொடக்கத்திலிருந்து சொல்லி முடிக்காமல் ரம் புட்டியின் மூடியைத் திருகுவதில்லை. அதைக் குரூரம் என்பார் உண்டு. நான் நியாயமான விலை என்பேன்.

நவம்பர் மாதத்தில், தாம் இன்னும் உயிரோடிருப்பதை ரூபித்துப் பென்ஷனைக் காப்பாற்றிக்கொள்வதற்காக அவர் பாங்கிக்குப் போனார். அங்கே ஜன்னலை மொய்த்துக்கொண்டிருந்த ஜனங்களைக் கண்டு மனம் பொறாமல், ஒரே ஓர் உறுமலில் அனைவரையும் வரிசையாக நிறுத்திவிட்டு, தலைவனாகப்பட்டவன் கடைசியில்தான் சாப்பிட வேண்டுமென்ற பட்டாளத்துச் சம்பிரதாயப்படி தாம் வால் முனையில் போய் நின்றுகொண்டார். அவர் முறை வந்தபோது குமாஸ்தா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, உயிரோடிருப்பதை இரண்டரை மணிக்குமேல் வந்து காட்டலாம் என்று சொல்லிச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். ஹவில்தார் விறைப்பாக நின்று கேட்டுக்கொண்டு, சட்டைப்பையிலிருந்த நோட்டில் 1430 என்று குறித்துக்கொண்டார்.