பரணைத் தொடாத துடைப்பம்

வீட்டில் ஒரு கணினி இருந்து, அது கொஞ்சம் மெதுவாகவும் ஓடினால் போதும், அதற்கென்று ஒரு வைத்தியர் தானாக முளைத்துவிடுவார். குடும்பத் தலைவர், மூத்த மாப்பிள்ளை, ஓய்வுபெற்ற சித்தப்பா என்று உறவுமுறை மாறலாம், வைத்தியம் மாறாது. என்ன கோளாறு என்று யாரையும் கேட்கமாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு, நெற்றியில் ஏற்றி வைத்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, விண்டோஸ் பொத்தானோடு ஆர் பொத்தானைச் சேர்த்து அழுத்துவார். சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். சதவீதக் குறி, டெம்ப், மறுபடி சதவீதக் குறி, என்டர். ஃபைல்கள் திமுதிமுவென்று வந்து நிற்கும். கன்ட்ரோல் ஏ. அடுத்தது வெறும் டெலீட் என்று நினைத்தால் நீங்கள் அவரை அறியாதவர். ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்துவார். ரீசைக்கிள் பின் வழியாக அனுப்புவது கோழைகள் செய்கிற காரியம். “பாத்தியா, ஆயிரத்து எண்ணூறு ஐட்டம்! இத்தனையையும் சுமந்துக்கிட்டு சிஸ்டம் எப்படி ஓடும்?” என்பார், பாரவண்டி மாட்டுக்காகப் பரிந்து பேசுகிறவர் குரலில்.

இவர் கணினியில் இடம் பிடித்துக்கொடுக்கத்தான் பாடுபடுகிறார் என்று வீட்டார் நம்புகிறார்கள், அவரும் நம்புகிறார். கணக்குப் போட்டால் அது நிற்காது. ஒரு டிபி ஹார்டு டிஸ்க்கில் அவர் 300 எம்பி துடைத்தெடுத்தால், பத்தாயிரம் ரூபாயில் 3 ரூபாய் மிச்சம் பிடித்த கதை. அதே டிஸ்க்கில் கல்யாண வீடியோ மூன்று இடத்தில் மூன்று பிரதியாகக் கிடக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரே கரண்ட் பில் ரசீது அடைப்புக்குள் 1, 2, 3 என்று எண் தாங்கி நிற்கும், ஒவ்வொரு முறையும் ‘இறங்கலையே’ என்று திரும்ப அழுத்தியதன் நினைவுச் சின்னமாக. வேகத்துக்கும் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. டிஸ்க் விளிம்பு வரை நிரம்பியிருந்தாலொழிய, ஒரு மூலையில் தூங்குகிற ஃபைல் கணினியின் காலைப் பிடித்து இழுப்பதில்லை. 2 ஜிபி ரேம், ஒன்றையொன்று சந்தேகப்படும் இரண்டு ஆன்டிவைரஸ், ஆன் செய்தவுடன் தாமும் எழுந்து உட்காரும் பதினைந்து புரோகிராம், ஃபேனில் கம்பளி மாதிரி படிந்த தூசி, இவைதான் பெரும்பாலும் வியாதி. இவற்றின் பக்கம் நம்மவர் திரும்புவதே இல்லை.

பின்னே எதற்காக இந்தப் பாடு? அண்ணாந்து அவர் வீட்டுப் பரணைப் பாருங்கள். எப்போதோ எடைக்குப் போன குண்டு மானிட்டரின் அட்டைப்பெட்டி அங்கே இருக்கிறது, உள்ளே தெர்மாகோலோடு. காது போன இட்லிக் குண்டான், ஒரு பக்கம் மட்டும் பாடும் டேப் ரெக்கார்டர், மடித்து அடுக்கிய ஜவுளிக்கடைப் பைகள். இவற்றில் ஒன்றை எறியவேண்டுமானாலும் வீட்டில் மந்திரிசபை கூடவேண்டும். குண்டான் மாமியார் சீதனம். பைகளுக்கு மனைவி உத்தரவாதம். அட்டைப்பெட்டிக்கு அவரே காவல்: “இருக்கட்டும், வீடு மாத்தறப்ப யூஸ் ஆகும்.” சொந்த வீட்டில் குடியிருந்துகொண்டு சொல்கிற வார்த்தை இது. ஆக, யாரிடமும் கேட்காமல் ஒரு பொருளைத் தூக்கியெறியும் அதிகாரம் ஒரு குடும்பஸ்தருக்கு இருக்கும் இடம் பூலோகத்தில் ஒன்றே ஒன்று, அது டெம்ப் ஃபோல்டர். அங்கே கிடப்பதற்குச் சொந்தம் கொண்டாட ஆள் இல்லை. ‘தற்காலிகம்’ என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருப்பதால் மனசாட்சிக்கும் வேலை இல்லை. அவர் தேடுவது காலியிடம் அன்று, அந்த அதிகாரம்தான் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

‘அந்தக் காலத்தில் அது தேவையாகத்தானே இருந்தது?’ என்று அவருக்காக வாதாடலாம். ஹார்டு டிஸ்க் நாலு ஜிபியாக இருந்த நாட்களில் சில நூறு எம்பி பெரிய சொத்து என்பது உண்மைதான். ஆனால் டெம்ப்போடு சேர்த்து உலாவியின் சேமிப்பையும் அவர் துடைத்தார், அந்த ஃபைல்கள் எப்படி வந்தன என்று பார்க்கவேண்டும். வலைப்பக்கத்தில் உள்ள படங்களை உலாவி ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்கிறது. மறுமுறை போகும்போது ‘இது மாறியிருக்கிறதா?’ என்று மட்டும் சர்வரைக் கேட்கிறது. ‘மாறவில்லை’ என்று 304 என்ற எண்ணில் பதில் வந்தால், கைவசம் உள்ளதையே எடுத்துக் காட்டிவிடுகிறது. வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட பிறகு வந்த டயல்அப் யுகத்தை எண்ணிப் பாருங்கள். 56 கே மோடம் முழு மூச்சில் ஓடினாலும் 1 எம்பி இறங்க ஏறக்குறைய இரண்டரை நிமிஷம், அத்தனை நேரமும் டெலிபோன் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். காசு கொடுத்து இறக்கிய சரக்கை அழித்துவிட்டு, மறுநாள் காசு கொடுத்து அதையே இறக்கினார் நம்மவர். தமிழில் பணமும் கேஷ், இந்தச் சேமிப்பும் கேஷ். அன்றைக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன என்பதுதான் வேடிக்கை.

இனி அந்த அடங்காத ஃபைல்கள். ஆயிரத்து எண்ணூறில் ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றாறு போன பிறகும் நாலு நகராது. ‘இந்த ஃபைல் வேறொரு புரோகிராமில் திறந்திருக்கிறது’ என்று பெட்டி விழும். ஒரு புரோகிராம் ஃபைலைத் திறக்கும்போது, மற்றவர்கள் அழிக்கலாம் என்று அனுமதி கொடுத்துத் திறந்தாலொழிய, விண்டோஸ் அதை அழிக்கவிடாது, விஷயம் அவ்வளவுதான். நம்மவருக்கோ அது மானப் பிரச்சினை. ரீஸ்டார்ட் செய்வார், சேஃப் மோடுக்குள் போவார். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஆண்ட காலத்தில் இண்டெக்ஸ்.டாட் என்றொரு ஃபைல் இருந்தது. போய்வந்த முகவரிகளையெல்லாம் குறித்து வைத்திருக்கும், விண்டோஸ் ஓடும்வரை அசையாது, அரும்பாடு பட்டு அழித்தாலும் அடுத்த லாகினில் புதிதாகப் பிறந்திருக்கும். 2012-இல் பத்தாம் பதிப்பு வந்தபோது அந்த வேலை வெப்கேஷ் என்ற வேறொரு ஃபைலுக்கு மாறியது. அதுவும் பூட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தது. இனிஷியல் மாறியது, பிடிவாதம் மாறவில்லை. எக்ஸ்ப்ளோரருக்கே 2022 ஜூன் 15-இல் ஓய்வு கொடுத்தாகிவிட்டது, நம்மவர் இன்னும் பணியில் இருக்கிறார். அவரை உசுப்பும் அந்தப் பெட்டி என்ன சொல்கிறது? ‘எறியாதே, உபயோகத்தில் இருக்கிறது.’ அட்டைப்பெட்டியை எடுக்கப் போன மனைவியிடம் அவர் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். ஒரு வித்தியாசம், கணினி சொல்வது நிஜம்.

அவர் பக்கமும் நியாயம் உண்டு, மறைக்கக்கூடாது. ஏதாவது ஒரு வலைப்பக்கம் பழைய முகத்தையே காட்டிக்கொண்டு மக்கர் செய்தால், கேஷைத் துடைப்பது சரியான மருந்து. அதற்கு அந்தப் பக்கத்தில் நின்று கன்ட்ரோல் எஃப்5 தட்டினாலே பெரும்பாலும் போதும். மூட்டைப்பூச்சிக்குக் கட்டிலைத் தட்டலாம், தெருவையே காலி செய்யவேண்டாம். பிரவுசிங் சென்டரில் அரைமணி நேரத்துக்குக் காசு கட்டி உட்கார்ந்தவர் எழும்போது தடயங்களை அழித்துவிட்டுப் போனது முழுப் புத்திசாலித்தனம். 32 ஜிபி மட்டும் வைத்துக்கொண்டு விண்டோஸ் அப்டேட்டுக்கு மூச்சுத் திணறும் சின்ன லேப்டாப்களுக்கும் இந்தத் துடைப்பம் வேண்டும். நம்மவர் இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கிறவராக இருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இல்லை. கூடவே ப்ரீஃபெட்ச் ஃபோல்டரையும் காலி செய்வார். புரோகிராம்கள் சீக்கிரம் திறக்கட்டும் என்று விண்டோஸ் எழுதி வைத்துக்கொண்ட குறிப்பு அது. உலாவியில் ‘ஆல் டைம்’ என்பதைத் தேர்ந்து குக்கீயையும் சேர்த்து வழிப்பார். ராத்திரி “என்னங்க, எல்லாத்துலயும் பாஸ்வேர்டு கேக்குதே” என்று உள்ளிருந்து குரல் வரும். “செக்யூரிட்டிக்குத்தான்” என்று பதில் போகும். துடைப்பதற்கென்றே வரும் மென்பொருள்கள் மேல் அவருக்கு அபார பக்தி. அவற்றில் புகழ்பெற்ற சிகிளீனருக்குள்ளேயே 2017-இல் விஷமிகள் தீநிரலை நுழைக்க, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. துடைப்பத்தில் தேள் ஏறிவந்த அந்தச் செய்தியைச் சொன்னால், “நான் பழைய வெர்ஷன்தான் வெச்சிருக்கேன்” என்பார்.

கடைசியாக ஒரு சாட்சியம். அதே 2017-இல் விண்டோஸ் 10-இல் ஸ்டோரேஜ் சென்ஸ் வந்தது. செட்டிங்ஸில் ஒரு சுவிட்சைத் தள்ளிவிட்டால், வேண்டாத டெம்ப் ஃபைல்களை அதுவே பார்த்து அழித்துக்கொள்ளும். உபயோகத்தில் உள்ளதை விட்டுவிடும், யாரோடும் மல்லுக்கு நிற்காது. இடம்தான் குறி என்றால் நம்மவர் தேங்காய் உடைத்து வரவேற்றிருக்கவேண்டும். பேரன் அதைக் காட்டியபோது முகத்தைச் சுளித்தார். “மெஷினுக்கு என்னடா தெரியும், எதை வைக்கணும் எதை எறியணும்னு?” சுவிட்ச் ஆஃபிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு விண்டோஸ் பொத்தானையும் ஆர் பொத்தானையும் சேர்த்து அழுத்துகிறார். நேர் மேலே பரணில், அட்டைப்பெட்டியின் ஓட்டை வழியாக ஒரு கரப்பான்பூச்சி மீசையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு, அவசரமில்லை என்று உள்ளே போகிறது.