கிளிப்பச்சைப் புடவைக்குத் தடை

கும்பகோணத்தில் இருக்கும் பெரியம்மாவுக்கு வயது 82. முப்பது வருடம் தமிழ் நடத்திவிட்டு ஓய்வுபெற்றவர். செய்தி சேனல் ஓடாவிட்டால் காலைக் காபி அவருக்கு இறங்காது. ஆனால் சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார். காது நன்றாகவே கேட்கிறது; அதனால்தான் அணைக்கிறார்.

“ஏண்டா, இந்தப் பொண்ணு அரை மணி நேரமா நின்னுக்கிட்டே படிக்குதே. உக்கார ஒரு நாற்காலி போட மாட்டாங்களா?”

கேள்வி இந்தக் கட்டுரையாளரை நோக்கி வந்தது. பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு டிவிக்காரர்களின் நாற்காலி நிலவரமும் தெரிந்திருக்க வேண்டும் என்பது பெரியம்மாவின் கணக்கு. “இப்ப அதுதான் பெரியம்மா ஸ்டைலு” என்று கட்டுரையாளர் சமாளித்தார்.

“கால் கடுக்கிறதுக்குப் பேரு ஸ்டைலா?”

பதில் இல்லை. நாற்காலி மட்டுமல்ல, மேசையும் போய்க் கொஞ்ச காலம் ஆகிறது. இருக்கும் இடத்திலும் கண்ணாடி மேசை. வாசிப்பவருக்குப் பின்னால் இருப்பதைச் சுவர் என்று சொல்வதற்கில்லை. தரையிலிருந்து கூரை வரை எல்.இ.டி. திரை. தீப்பிடித்த செய்தி என்றால் அது முழுக்க எரியும், வெள்ளச் செய்தி என்றால் அது முழுக்க ஓடும். நடுவில் நிற்பவர் தீமிதிக்க வந்தவர்போலச் சலனமில்லாமல் படித்துக்கொண்டிருப்பார். திரைக்கு அடியில் இரண்டு வரி ஓடும். அதற்கு மேலே பெரிய எழுத்தில் ஒரு பட்டை. அந்தப் பட்டைக்குச் செய்தி அறைகளில் ‘ஆஸ்டன்’ என்று பெயர். எழுத்து போடும் இயந்திரம் செய்த ஒரு பிரிட்டிஷ் கம்பெனியின் பெயர் அது. வனஸ்பதி ‘டால்டா’ ஆன மாதிரி இதுவும் ஆகிவிட்டது.

பெரியம்மாவின் அளவுகோல் வேறு காலத்தில் செய்தது. சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. அதற்கு முன் செய்தி என்பது டெல்லியிலிருந்து வானொலியில் வரும் சரோஜ் நாராயணஸ்வாமியின் குரல்தான். முகம் கிடையாது, செட் கிடையாது, பின்னணி இசையின் அலறல் கிடையாது. பெயரைச் சொல்லிவிட்டு நேரே செய்திக்குள் போய்விடுவார். பின்பு தூர்தர்ஷனில் ஷோபனா ரவியும் பாத்திமா பாபுவும் வந்தபோது குரலோடு முகமும் சேர்ந்தது. முகத்தோடு புடவை சேர்ந்தது. இன்றைக்கு ஷோபனா என்ன புடவை என்று பார்க்கவே டிவி இருந்த வீட்டில் வந்து உட்கார்ந்த பெண்கள் உண்டு. பெரியம்மாவும் அதில் ஒருவர். இரண்டு மாற்றுப் புடவைகளை அப்படித்தான் வாங்கினார் என்று பெரியப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

முகம் காட்டுவதற்கு லண்டன்காரர்களே ஒரு காலத்தில் பயந்தார்கள். பிபிசி தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் நெடுநாள் குரலாக மட்டுமே இருந்தார். முகத்தைக் காட்டினால், புருவம் ஒரு நூல் உயர்ந்தாலும் அது செய்தியின் மேல் அபிப்பிராயம் சொன்னதாகிவிடும் என்று யோசித்தார்களாம். கென்னத் கெண்டல் என்பவரின் முகம் முதன்முதலாகத் திரைக்கு வந்தது 1955 செப்டம்பரில்தான். ஒரு புருவத்துக்கு அவ்வளவு பயந்தவர்கள், இன்றைய இரவு எட்டு மணி விவாதத்தைப் பார்க்க நேர்ந்திருந்தால் படுத்த படுக்கையாகியிருப்பார்கள்.

பழைய தூர்தர்ஷனைத் தங்கமென்று சொல்வதற்கும் இல்லை. ஒரு மேசை, ஒரு வெறுந்திரை, கையில் தாள். செய்தியில் பாதி, அமைச்சர் திறந்து வைத்தார். மீதி, அமைச்சர் அடிக்கல் நாட்டினார். பின்னால் பார்க்க எதுவும் இல்லாததால் நேயர் வாசிப்பவரின் வாயையே பார்த்தார். ழகரம் வழுக்கினால் மறுநாள் ஊரே பேசும். எனவே வழுக்கவில்லை.

1993இல் சன் டிவி வந்தது. 2011இல் புதிய தலைமுறை, அடுத்த ஆண்டு தந்தி டிவி, பின்னர் நியூஸ் 7, நியூஸ் 18 என்று வரிசை நீண்டது. எல்லாருக்கும் அதே சட்டமன்றம், அதே மேட்டூர் அணை நீர்மட்டம், அதே தங்கம் விலை. சரக்கு ஒன்றானால் கடைக்காரன் முகப்பில்தானே செலவழிப்பான்? நகைக்கடை வீதியில் போனால் தெரியும். செட்டு என்பது பணம் கொடுத்தால் மூன்று மாதத்தில் வந்துவிடும் பொருள். ளகரம் அப்படி வராது. யாருக்காவது ஒரு தமிழாசிரியர் நான்காம் வகுப்பில் காதைத் திருகியிருக்க வேண்டும்.

எல்லாச் சுவரும் எல்.இ.டி. அல்ல. பல இடங்களில் இருப்பது வெறும் பச்சைத் துணி. தோலின் நிறத்துக்கு வெகுதூரத்தில் இருக்கிற நிறம் பச்சை. பெரும்பாலான டிஜிட்டல் கேமராக்களின் சென்சாரில் பச்சைக்கான புள்ளிகள் சிவப்பையும் நீலத்தையும்விட இரு மடங்கு. ஆகவே பச்சை தெரிகிற இடத்தையெல்லாம் கணினி வெட்டி எறிந்துவிட்டு வேறு படத்தை ஒட்டும். இதற்குக் குரோமா என்று பெயர். அந்த அறைக்குள் கிளிப்பச்சைப் புடவைக்குத் தடை. தெரியாமல் கட்டிக்கொண்டு போனால் கழுத்துக்குக் கீழே வங்காள விரிகுடாவும் இடுப்பருகே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலமும் தெரியும். பொடிக்கட்டம் போட்ட சட்டையும் ஆகாது. கேமராவில் அந்தக் கட்டங்கள் புழுவாக நெளியும்.

வானிலை சொல்பவர் கையை நீட்டும் இடத்தில் வரைபடமே இருக்காது என்பது நேயர்களில் பலருக்குத் தெரியாது. அவர் பக்கவாட்டில் இருக்கும் ஒரு சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டே வெறுந்துணியைத் தடவுகிறார். விரல் ராமநாதபுரம் என்று நினைத்து நெல்லூரில் போய் நின்றால் அவர் மேல் கோபப்படக் கூடாது.

2023 ஜூனில் பிபர்ஜாய் புயல் குஜராத் கரையை நெருங்கியபோது ஓர் இந்தி சேனல் இதில் ஒரு படி மேலே போனது. வாசிப்பாளர் ஸ்டுடியோவுக்குள்ளேயே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்திரையில் மரங்கள் பேயாட்டம் போட்டன. அதற்கேற்ப அவரும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத இடத்தில் அவ்வளவு நனைந்ததுபோல் நின்றது லேசான வித்தை அல்ல. நம் தெருக்கூத்துக்காரர்களாவது மேடையில் மழை பெய்ததாகப் பாடிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போவார்கள்.

ஸ்டுடியோவுக்குள் மழை பொய்யானாலும் குளிர் மெய். ஹாலஜன் விளக்குக் காலத்தில் அவை தின்ற மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் வெளியே வந்தது; அதனால் ஏ.சி. கட்டாயம். எல்.இ.டி. விளக்கு வந்து சூடு குறைந்தும் ஏ.சி. குறையவில்லை. அதனால்தான் சென்னையின் கத்திரி வெயிலில் கோட்டும் டையுமாக ஒருவர் வந்து, வெளியே போகாதீர்கள், பருத்தி உடை அணியுங்கள் என்று நமக்குச் சொல்ல முடிகிறது. அந்த ஏ.சி. ஒரு நாள் கைவிட்டால்? 2024 ஏப்ரலில் கொல்கத்தா தூர்தர்ஷனில் அது நடந்தது. குளிர்சாதனம் சரியாக இயங்காத அறையில் வெப்ப அலை பற்றிய செய்தியை நேரலையில் படித்துக்கொண்டிருந்தபோதே வாசிப்பாளர் மயங்கினார். நல்லவேளை, தேறிவிட்டார். அன்றைக்கு நாட்டிலேயே மிகத் துல்லியமான வானிலைச் செய்தி அதுதான்.

வாசிப்பாளர்களைக் கேலி செய்வது எளிது. கட்டுரையாளரும் ஒரு சேனலின் விவாதத்துக்குப் போய் உட்கார்ந்து பார்க்கும்வரை அதைத்தான் செய்தார். சொன்ன தேதியில் போனால் ஒரு சின்ன அறை, பச்சைத் துணி, கால் ஆடும் ஒரு ஸ்டூல். ஒருவர் வந்து முகத்தில் நாலு பூச்சுப் பூசினார். இன்னொருவர் காதில் ஒரு குமிழைச் செருகினார். “சார், லைவ்ல இருக்கீங்க, ஆடாதீங்க” என்றது காது. ஆடியது ஸ்டூல். திரையில் எட்டு சதுரத்துக்குள் எட்டு தலைகள், போட்டோ ஸ்டுடியோவில் கொடுக்கும் பாஸ்போர்ட் சைஸ் தாள் மாதிரி. நாற்பது நிமிடத்தில் அவருக்குக் கிடைத்தது ஒன்றரை வாக்கியம். அரை வாக்கியம் எங்கே போனது என்று இன்றும் தெரியாது.

வெளியே வரும்போது பி.சி.ஆர். எனப்படும் கட்டுப்பாட்டு அறையை எட்டிப் பார்த்தார். அப்போதுதான் புரிந்தது. ஆங்கர் நம்மிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் காதுக்குள் இன்னொருவர் பேசிக்கொண்டிருக்கிறார்: “பைட் ரெடி இல்லை, இழுங்க... இன்னும் இழுங்க... திருச்சி போனோ வந்திருச்சு, அவரைக் கட் பண்ணுங்க.” பைட் என்றால் பேட்டித் துண்டு, போனோ என்றால் தொலைபேசியில் வரும் செய்தி. கண்ணுக்கு எதிரே கேமராவின் முன் சாய்வாக ஒரு கண்ணாடி, அதில் எழுத்து மேலே ஏறிக்கொண்டே இருக்கும். அதுதான் பிராம்ப்டர். அது உறைந்துபோனால் காப்பாற்றுவதற்குத்தான் கையில் தாள். வாய் ஒரு செய்தியில், காது அடுத்த செய்தியில், கண் வரியில். இத்தனைக்கும் நடுவில் ல, ள, ழ மூன்றும் அதனதன் இடத்தில் விழ வேண்டும். சர்க்கஸில் இதற்குக் கீழே வலை கட்டுவார்கள்.

கையிலிருக்கும் பொருளையே கவனிக்க நேரமில்லாமல் போவதும் உண்டு. 2013இல் பிபிசியின் சைமன் மெக்காய் ஐபேட் என்று நினைத்து ஒரு கட்டு ஜெராக்ஸ் தாளைத் தூக்கிக்கொண்டு கேமரா முன் வந்துவிட்டார். பதறவில்லை. அதை நெஞ்சோடு அணைத்தபடியே செய்தியைச் சொல்லி முடித்தார்.

அதே பிபிசியில் 2006 மே 8 அன்று நடந்தது இதைவிட விசேஷம். கை கோமா என்பவர் வேலைக்கான நேர்காணலுக்காக வந்து வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். கை கியூனி என்ற தொழில்நுட்ப எழுத்தாளரை அழைக்க வந்தவர், பெயரில் பாதி ஒத்துப்போனதால் இவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பூச்சு, மைக், விளக்கு. ஆப்பிள் கம்பெனி வழக்கின் தீர்ப்பு பற்றி நேரலையில் கேள்வி! விஷயம் புரிந்த கணத்தில் அவர் முகம் போன போக்கை இன்றும் உலகம் பார்த்துச் சிரிக்கிறது. ஆனாலும் மனிதர் பதில் சொன்னார். கேட்டதற்கெல்லாம் சொன்னார். உண்மையான நிபுணர் வரவேற்பறையில் உட்கார்ந்து, தன் இடத்தில் வேறொருவர் பேசுவதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டுடியோ நன்றாக அமைந்துவிட்டால் உள்ளே உட்காருகிறவர் யார் என்பது இரண்டாம் பட்சம் என்பதற்கு இதைவிடச் சாட்சி கிடைக்காது.

அந்த இரண்டாம் பட்சத்தையும் குறைத்துவிடலாம் என்று 2023இல் இந்தி சேனலொன்று சனா என்றும் ஒடிசாவின் ஓ.டி.வி. லிசா என்றும் கணினியில் செய்த வாசிப்பாளர்களைக் கொண்டுவந்தன. லிசாவுக்குக் கைத்தறிப் புடவை. இந்தச் செய்தியைச் சொன்னபோது பெரியம்மா அதிகம் அதிரவில்லை. “பரவாயில்லை, அதுக்குக் கால் கடுக்காது” என்றார்.

சென்ற ஐப்பசி மழையில் கட்டுரையாளர் கும்பகோணம் போயிருந்தபோது தங்கை மகன் காலையிலிருந்தே டிவி முன் தவம் கிடந்தான். பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்று தெரிய வேண்டும் அவனுக்கு. பெரியம்மா வழக்கம்போல் ஓசையில்லாமல் கீழே ஓடும் வரிகளைப் படித்து, ஒற்று விட்ட இடங்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பது வரை வந்திருந்தது. பையன் பொறுக்காமல் ரிமோட்டைப் பிடுங்கிச் சத்தத்தைக் கூட்டினான். டமடமவென்று இசை. எல்.இ.டி. சுவர் முழுக்க மழை கொட்டியது. அதன் நடுவே நனையாமல் நின்ற இளைஞர் மாவட்டங்களின் பெயரை மூச்சுவிடாமல் அடுக்கிவிட்டு முடித்தார்: “...ஆகிய மாவட்டங்களில் இன்று பல்லிகளுக்கு விடுமுறை.”

பையன் துள்ளிக் குதித்தான். பெரியம்மா நிமிர்ந்து வீட்டுச் சுவரைப் பார்த்தார். டியூப் லைட்டுக்குப் பின்னாலிருந்து ஒன்று வெளியே வந்து, ஈசலைக் குறிவைத்து நகர்ந்துகொண்டிருந்தது.

“இதுக்கு இன்னும் தகவல் வரலை போலருக்கு” என்று ரிமோட்டைத் திரும்ப வாங்கிச் சத்தத்தை அணைத்தார்.