பாலம் ஒன்று, கட்டணம் இரண்டு

கேள்வி: அமெரிக்காவில் வாடகைக் கார் எடுத்தால் சுங்கக் கட்டணத்தை வாடகை நிறுவனமே கட்டிவிடுமாமே, நல்லதுதானே?

பதில்: கட்டிவிடும், கட்டிய கூலியையும் உங்களிடமே வாங்கிவிடும். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் 2013 மார்ச் முதல் பணம் வாங்க ஆளே கிடையாது. கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கும், பில் காரின் உரிமையாளருக்குப் போகும். உரிமையாளர் என்றால் வாடகை நிறுவனம். அது பாலத்துக்குரியதைக் கட்டிவிட்டு, உங்கள் கிரெடிட் கார்டில் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து ஏற்றும். சில திட்டங்களில், பாலத்தின் பக்கமே போகாத நாள்களுக்கும் அந்தக் கட்டணம் உண்டு. கணக்குப் பார்க்க அவர்களுக்கும் செலவு இருக்காதா என்று கேட்கலாம். இருக்கும்; பாலத்தைக் கடந்த தடவைக்கு வாங்கட்டும். கார் ஹோட்டல் வாசலில் நின்ற நாளுக்கு வாங்குவதில் நியாயமே இல்லை. இந்த வசூல் தொடர்பாக 2017இல் அந்நகர அரசு வழக்கறிஞர் ஹெர்ட்ஸ் என்ற வாடகைக் கார் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு, 2019இல் 36.5 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது.

கோல்டன் கேட் பாலத்தில் தெற்கு நோக்கி, நகருக்குள் வரும்போது மட்டும்தான் சுங்கம். நம்பர் பிளேட் எண்ணைக் கொடுத்து, கடப்பதற்கு முன்போ, கடந்து 48 மணி நேரத்துக்குள்ளோ நீங்களே இணையத்தில் கட்டிவிடலாம். சாவியை வாங்குமுன் ஒப்பந்தத்தில் சுங்கம் பற்றிய பத்தியைப் படித்துவிடுங்கள்.