உயர்த்தியவர் கேள்வி, அடியில் படுத்தவர் பதில்

கே: ஜிம்னியை 2 அங்குலம் உயர்த்தினேன். 80 கி.மீ. வேகத்தில் சின்னப் பள்ளம் பட்டால் போதும், ஸ்டியரிங் சாமியாடுகிறது. வேப்பிலை அடிக்கவா? (பொள்ளாச்சி)

ப: ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், வேகம் குறைந்தால் சாமி மலையேறிவிடும். அமெரிக்க ஜீப்காரர்கள் ‘டெத் வாபிள்’ என்று அலறும் ஆட்டம் இது. முன்பக்கம் ஒரே தண்டாக ஆக்ஸில் உள்ள ஜிம்னி, ராங்லர் வகையறாவின் குலநோய். ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் ராடின் போல்ட்டும் புஷ்ஷும் முதல் சந்தேக நபர்கள். அடுத்து டை ராட் எண்ட், கிங் பின் பேரிங், டயர் பேலன்ஸ்.

கே: ‘ஸ்டியரிங் டேம்பரை மாத்துங்க சார், சரியாயிடும்’ என்கிறார் மெக்கானிக். (ஈரோடு)

ப: ஆடுவது தெரியாமல் போகும், ஆட்டம் போகாது. அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்தினால் பசி தீருமா?

கே: உயர்த்திய பிறகு வண்டி நேராகப் போக மறுக்கிறது. திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்புவதும் இல்லை. (தாராபுரம்)

ப: காஸ்டர் கோணம் குறைந்துவிட்டது. சக்கரம் திரும்பும் அச்சின் மேல்முனை சற்றே பின்னால் சாய்ந்திருந்தால்தான் வண்டிக்கு நேர்வழி பிடிக்கும். உயர்த்தும்போது ஆக்ஸில் சுழன்று அந்தச் சாய்வைத் தின்றுவிட்டது. காயில் ஸ்பிரிங் என்றால் காஸ்டர் புஷ் போடுங்கள். லீஃப் ஸ்பிரிங் என்றால் அடியில் ஆப்பு வைக்க வேண்டும். ஆப்பு வைத்தவருக்கு நன்றி சொல்லும் ஒரே இடம் இதுதான்.

கே: 60-க்கு மேல் அடியில் ‘வூம் வூம்’ என்று அதிர்வு. டயர் பேலன்ஸிங் செய்து அலுத்துவிட்டேன். (ஓசூர்)

ப: டயர் நிரபராதி. ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடியுங்கள். அதன் யுனிவர்சல் ஜாயிண்ட், பட்டறை பாஷையில் ‘கிராஸ்’, கோணலாகச் சுற்றும்போது ஒரே சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். 17-ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஹூக் கண்டுபிடித்த குறும்பு. இரண்டு முனையிலும் கோணம் சமம் என்றால் ஒன்றின் தப்பை மற்றது மறைக்கும். ஆக்ஸில் சுழன்றதில் ஒரு கோணம் மாறியது, கூட்டணி உடைந்தது. முன் ஷாஃப்டைக் கழற்றி 2 வீலில் ஓட்டிப் பாருங்கள். அதிர்வு நின்றால் குற்றவாளி உங்கள் கையில்.

கே: ரிவர்ஸ் போட்டால் ‘டொங்’. மெல்லப் போனால் அடியில் குருவி ‘கீச் கீச்’. (கூடலூர்)

ப: டொங் என்றால் கிராஸில் பிளே. கீச் என்றால் அதற்குள் இருக்கும் ஊசி பேரிங் கிரீஸ் கேட்கிறது. குருவி கத்தும்போதே கவனியுங்கள். அது மௌனமாவது ஷாஃப்ட் கழன்று ரோட்டில் விழுந்த பிறகுதான்.

கே: உயர்த்திய தாரில், திருப்பத்தில் மட்டும் ‘டக் டக் டக்’. இதுவும் கிராஸா? (தேனி)

ப: இல்லை, சி.வி. ஜாயிண்ட். தாரின் முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன். உயரம் கூடினால் ஜாயிண்ட் நிரந்தரமாகக் கோணிக்கொண்டே வாழ வேண்டும். ரப்பர் பூட் கிழியும், கிரீஸ் குடிபெயரும், மண் குடியேறும். சக்கரத்தின் உட்புறம் கறுப்பாகத் தெளித்திருக்கிறதா? தீர்ப்பை நீங்களே எழுதலாம்.

கே: தாரைத் தார் ரோட்டில் 4 வீலில் ஓட்டினால் பிடிப்பு கூடும்தானே? லிவர் வேறு வெளியே வர மறுக்கிறது. (மதுரை)

ப: கூடியிருக்கிறதே, லிவருக்கு! பார்ட்-டைம் 4 வீலில் முன், பின் ஷாஃப்டுகள் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. திருப்பத்தில் முன்சக்கரங்கள் அதிக தூரம் போக வேண்டும். சேற்றில் டயர் வழுக்கிக் கணக்கை நேர்செய்யும். காய்ந்த ரோடு விடாது. முறுக்கு ஏறிவிடும். நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்கள், இறங்கும். முறுக்கிக்கொண்ட மனிதர்களுக்கும் இதே வைத்தியம்தான்.

கே: ஜிப்ஸியில் 4 வீல் போட்டும் பின்சக்கரம் மட்டுமே சேற்றைக் கடைகிறது. (ஏற்காடு)

ப: கையால் திருப்பும் ஹப் என்றால், இறங்கி அதை ‘லாக்’கில் வைத்தீர்களா? இல்லாவிட்டால் உள்ளே ஷாஃப்ட் சுற்றும், வெளியே சக்கரம் சும்மா இருக்கும். செருப்பில் சேறு படக்கூடாது என்பவருக்கு 4 வீல் எதற்கு?

கே: நானே சோதிக்க முடியுமா? (நாகர்கோவில்)

ப: தேவை ஒரு நண்பர். சக்கரம் தரையில் இருக்க, இன்ஜின் ஓட, அவர் ஸ்டியரிங்கை இடவலமாகச் சிறிது அசைக்கட்டும். நீங்கள் ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பாருங்கள். தாமதமாக நகர்வது திருடன். பிறகு ஜாக்கி போட்டு, அடியில் ஸ்டாண்டும் கொடுத்து, சக்கரத்தை ஆட்டுங்கள். மேல்-கீழாக ஆடினால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட், கிங் பின். இடவலமாக மட்டும் ஆடினால் டை ராட் எண்ட். நண்பர் நல்லவராக இருக்கட்டும். ஹேண்ட் பிரேக் அவரைவிட நல்லதாக இருக்கட்டும்.

கே: 28 அங்குல டயரை 31 ஆக்கினேன். லாபம் என்ன? (சேலம்)

ப: டிஃபரன்ஷியலுக்கு ஒன்றரை அங்குல உயரம். ஒற்றைத் தண்டு ஆக்ஸிலில் ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அது ஒரு நூல்கூட எழாது. நஷ்டம்: மீட்டர் 80 காட்டும்போது நிஜம் 88-ஐத் தாண்டும். போலீஸ் கேமரா உங்கள் மீட்டரைப் பார்ப்பதில்லை.

கே: ஆர்.டி.ஓ. ஏதாவது சொல்வாரா? (திருச்சி)

ப: 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவைச் சொல்வார். தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் அழுத்திச் சொல்லிவிட்டது. வண்டியில் எது தளர்ந்தாலும் இந்தப் பிரிவு தளராது.

கே: எத்தனை அங்குலம்தான் உயர்த்தலாம்? (கோவை)

ப: மாறும் கோணங்களைத் திருத்தக் காசு எத்தனை அங்குலத்துக்கு இருக்கிறதோ, அத்தனை. ஸ்பிரிங்கோடு ராட், புஷ், நீளமான பிரேக் ஹோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள். மாலுக்குப் போய் வர மட்டும் என்றால், பார்க்கிங் கூரையின் உயரத்தை முதலில் விசாரியுங்கள்.