எக்ஸ்பி பாட்டிக்கு ஒரு ரூமு

மாப்ளே, பிரிக்பீல்ட்ஸ் அச்சுக் கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் இறக்கிட்டியாமே. கண்ணாடிப் பொட்டிக்குள்ள கலர் கலரா லைட்டு எரியுதாம். இனிமே தீபாவளிக்குத் துன் சம்பந்தன் ரோட்டுல உன் கடை முன்னாடி மட்டும் சரவிளக்கு கட்ட வேணாம். செலவு மிச்சம். நல்லா இரு.

கூடவே இன்னொண்ணும் காதுல விழுந்துச்சு. இத்தனை வருஷமா நீ அடிச்சு வச்ச கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கருமாதி நோட்டீசு எதுவும் அந்தப் புதுப் பொட்டியில ஒழுங்காத் திறக்கலையாம். கிள்ளான் தெங்கு கிளானா ரோட்டுக்காரர் ஒருத்தர், மூத்த மகளுக்கு அடிச்ச அதே டிசைன்ல இளையவளுக்கும் கார்டு வேணும்னு வந்தாராம். நீ ஃபைலைத் திறந்தா மாப்பிள்ளை பேரு இருக்க வேண்டிய எடத்துல இங்கிலீஷ் எழுத்தும், டாலர் குறியும், மேல கீழ புள்ளி வச்ச என்னென்னமோவும் நின்னுச்சாம். நல்லவேளை சம்பந்தி பாக்கல. மாப்பிள்ளை எந்த நாட்டுக்காரன்னு கேட்டிருப்பாரு.

நான் பால்மரம் சீவினவன். எனக்கு என்னா தெரியும்? இருந்தாலும் மாமன் சொன்னா கேட்டுக்கோ. கேக்காட்டியும் சொல்லத்தான் போறேன்.

மொதல்ல உன் அவசரத்தைச் சொல்லணும். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாப்ட் கைகழுவுதுன்னு எவனோ சொல்லியிருக்கான். நெசந்தான். வேணும்னா இன்னொரு வருஷம் பாதுகாப்புக்கு மட்டும் தவணை உண்டுன்னும் அதே செய்தியில இருந்துச்சு. அந்த வரி வர்றதுக்கு முன்னாடியே நீ லோயாட்டுக் கம்ப்யூட்டர் மாலுல எஸ்கலேட்டர் ஏறிட்டே. விண்டோஸ் 11 பொட்டியத் தூக்கிட்டு வந்து, பழசைப் பழைய பேப்பர் லாரிக்காரன்கிட்ட வெலை கேட்டியாம். அவன் என்னா சொன்னான், அஞ்சு வெள்ளியா? குடுத்துறாத. அந்தப் பொட்டிக்குள்ள உன் தொழிலே உக்காந்திருக்கு.

இப்ப நோவு என்னான்னு பாப்போம். விண்டோஸ் 11-ல 64 பிட்டு ஒண்ணுதான். விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட்டு மென்பொருளை அது ஏறெடுத்தும் பாக்காது. 32 பிட்டு மென்பொருள் பெரும்பாலும் ஓடும். ஆனா அதோட வந்த பழைய டிரைவர் ஓடாது. உன் தமிழ் மென்பொருளுக்குப் பொட்டி முதுகுல செருகுற டாங்கிள் ஒண்ணு குடுத்தாங்களே, அந்தப் பூட்டோட டிரைவர் 32 பிட்டு. பூட்டைக் காணோம்னா மென்பொருள் உன்னையே திருடன்னு முடிவு பண்ணிரும். காசு குடுத்து ஒழுங்கா வாங்கினவன் நீ, வெளிய நிக்கிறே. அன்னைக்கே கள்ளச் சிடி வாங்கினவனுக்குப் பூட்டும் இல்ல, இன்னைக்குத் தலைவலியும் இல்ல. நேர்மைக்கு இந்த ஒலகம் குடுக்குற மரியாதை அப்படி.

அடுத்து, நீ பக்கம் கோத்த பேஜ்மேக்கர். 1985-ல ஆல்டஸ் கம்பெனி கொண்டாந்தது. 1994-ல அது அடோபி கைக்குப் போச்சு, 2001-ல 7.0 வந்துச்சு, அதோட சரி. அடோபியோட இன்டிசைன், சிஎஸ்6 வரைக்கும் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறந்து பாத்துச்சு. அதுக்கப்புறம் வந்த பதிப்பெல்லாம் ‘நீ யாரு’ன்னு கேட்டுருச்சு. பேஜ்மேக்கருக்கு யுனிகோடும் தெரியாது. அந்தக் காலத்துல அது பெரிய குத்தமாத் தெரியல, ஏன்னா நமக்கும் தெரியாது.

1991-லயே யுனிகோடுல தமிழுக்கு எடம் ஒதுக்கிட்டாங்க. ஆனா விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் விண்டோஸ்காரன் வீட்டுல தமிழ் தானாத் தெரிய ஆரம்பிச்சுது. அதுக்கு ரொம்ப முன்னாடி, அதே 1985-லயே நம்ம நாட்டு முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தொடங்கிட்டாரு. அப்பல்லாம் இங்கிலீஷ் எழுத்துக்கு ஒதுக்கின எடத்துல தமிழ் எழுத்தை உக்கார வச்சாத்தான் வேலை நடக்கும். ஆளுக்கொரு வரிசையில உக்கார வச்சாங்க. ஒருத்தர் எழுத்துருவுல ‘க’ இருக்கிற எடத்துல இன்னொருத்தருக்கு ‘ளூ’ இருக்கும். இந்தக் குழப்பத்தைத் தீக்க ஒலகத் தமிழர் கூடி டிஸ்கின்னு ஒரு ஏற்பாடு செஞ்சாங்க. 1999-ல தமிழ்நாட்டு அரசாங்கம் டாம்னு ஒண்ணு, டாப்னு ஒண்ணு கொண்டாந்துச்சு. ஒத்துமையா இருக்க நமக்கு எப்பவுமே ஒரு வழி போதாது. உன் ஃபைலுக்கு எந்த எழுத்துருன்னு தெரிஞ்சு, அதையும் பொட்டியில போட்டாத்தான் மாப்பிள்ளைக்குப் பேரு திரும்பக் கிடைக்கும்.

இதுல ஒரு வேடிக்கை. 1924-ல தொடங்கி 2019-ல நின்னுபோன தமிழ் நேசன், அந்த மொத வருஷத்துப் பேப்பர் ஒண்ணு கையில கிடைச்சா மூக்குக் கண்ணாடி மாட்டிக்கிட்டு நான் படிச்சிருவேன். 2004-ல நீ அடிச்ச கார்டைப் படிக்க உனக்கு மெக்கானிக் வேணும்.

உனக்கு யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? ஒருத்தன் எல்லாத்தையும் புதுசா டைப் அடின்னான். அவன் டைப் அடிக்கிறவன் இல்ல. இன்னொருத்தன் இதே மாதிரி பழைய பொட்டி இன்னொண்ணு தேடி வாங்கி வச்சுக்கன்னான். அவன்கிட்ட விக்கிறதுக்கு ஒண்ணு இருக்கு. மூணாமத்தவன் எல்லாமே இப்ப போன்லயே பண்ணலாம்னே, தே தாரிக்கைக் குடிச்சுட்டு, காசு குடுக்காம எந்திரிச்சுப் போனான். மூணு பேருல அவன் சொன்னதைத்தான் நீ ரொம்ப நேரம் யோசிச்சியாம்.

நான் சொல்றதைக் கேளு. புதுப் பொட்டிக்குள்ளயே ஒரு பழைய பொட்டிய உண்டாக்கு. விர்ச்சுவல் மெஷின்னு சொல்லுவாங்க, மெய்நிகர் கணினின்னு படிச்சவங்க எழுதுவாங்க. நீ என்னா வேணும்னாலும் சொல்லிக்க, வேலை நடந்தாச் சரி.

தோட்டத்தைத் துண்டு போட்டு வித்தப்ப எங்க ஆத்தாவைக் கிள்ளானுக்கு, தாமான் வீட்டுக்குக் கூட்டியாந்தோமே, ஞாபகம் இருக்கா? கிழவி லயத்தை விட்டு வரமாட்டேன்னு அடம். பின்னாடி ரூமைக் குடுத்து, பழைய கட்டில், அம்மி, மண்ணெண்ணெய் அடுப்பு எல்லாத்தையும் லயத்துல இருந்த மாதிரியே வச்சுக் குடுத்தேன். விடியக்காலையில ‘பெரட்டுக்கு மணி அடிச்சாச்சா?’ன்னு கேக்கும். உன் அத்தை பின்கட்டுல தகரத்தைத் தட்டுவா. ‘கிராணி பேரு போட்டாச்சா?’ன்னு கேக்கும். நான் தொண்டையக் கனைச்சு, ‘போட்டாச்சு’ம்பேன். அது கடைசி வரைக்கும் தோட்டத்துலதான் இருந்துச்சு. நாங்க தாமான்ல இருந்தோம். ரெண்டு பக்கமும் நிம்மதி.

உன் பேஜ்மேக்கர் காலத்து விண்டோஸ் எக்ஸ்பிய அந்த உள்பொட்டியில குடியேத்து, அதுக்கும் அதேதான். ‘ஹார்டு டிஸ்க் எங்க?’ன்னு அது கேக்கும். விர்ச்சுவல்பாக்ஸ்ங்கிற மென்பொருள் ஒரு பெரிய ஃபைலைக் காட்டி, ‘இதுதான்’னு சொல்லும். ‘மெமரி எவ்வளவு?’ன்னா, ‘ஒரு ஜிபி’ம்பே. 2001-ல வந்த எக்ஸ்பிக்கு 128 எம்பி இருந்தாப் போதும்னு சொல்லி வித்தாங்க. ஒரு ஜிபியப் பாத்தா அது தன்னைப் பணக்காரன்னு நெனச்சுக்கும். உன் 16 ஜிபி பொட்டிக்கு அது தெரியவே தெரியாது.

புது வித்தைன்னு நெனைக்காத. 1960-கள்லயே ஐபிஎம்காரன் ஒரு பெரிய கம்ப்யூட்டரைப் பல கம்ப்யூட்டராக் காட்டிட்டான். 1972-ல விஎம்/370-னு வெளியாவே கொண்டாந்தான். மேசைக் கம்ப்யூட்டருக்கு 1999-ல விஎம்வேர் கொண்டாந்துச்சு. 2005-ல இருந்து இன்டெல் அந்த வசதிய சில்லுக்குள்ளயே வச்சுச்சு. உன் பொட்டியில பயாஸ்ல அது அணைஞ்சு கிடந்தாலும் கிடக்கும், போட்டு விடு. மைக்ரோசாப்டே 2009-ல விண்டோஸ் 7-ஓட ‘எக்ஸ்பி மோடு’ன்னு இதையேதான் குடுத்துச்சு. இதெல்லாம் பால்மரம் சீவினவனுக்கு எப்படித் தெரியும்னு கேக்காத. கேட்டாலும் சொல்லமாட்டேன்.

விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். அதோட எக்ஸ்டென்ஷன் பேக்குன்னு ஒண்ணு நிக்கும், அது சொந்த உபயோகம், படிப்பு மாதிரிக்குத்தான் இலவசம். கடை நடத்துறவன் தொடாத. எக்ஸ்பி உரிமத்துலயும் ஒரு சிக்கு உண்டு. பொட்டியோட ஒட்டி வந்த உரிமம் அந்தப் பொட்டிக்கு மட்டுந்தான், தனியாக் காசு குடுத்து வாங்கின சிடி இருந்தா அதைத் தேடு. நீ யோக்கியன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன், காப்பாத்து.

சிடியில இருந்து எக்ஸ்பிய ஏத்து, பேஜ்மேக்கர ஏத்து, எழுத்துருவெல்லாம் ஏத்து. ஏத்தி முடிச்ச ஒடனே ‘ஸ்னாப்ஷாட்’ ஒண்ணு எடுத்து வை. நாளைக்கு உன் கடைப் பையன் எதையாவது அழிச்சுட்டு முழிச்சா, ஒரு அமுக்குல இன்னைய நெலமைக்குத் திரும்பிரலாம். இந்த வசதி நெசப் பொட்டியில இவ்வளவு சுளுவா இல்ல, நெச வாழ்க்கையில இல்லவே இல்ல. இருந்திருந்தா உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் உங்கப்பா ஒண்ணு எடுத்து வச்சிருப்பாரு.

அப்புறம், இணையத்தை அறுத்து விடு. விர்ச்சுவல்பாக்ஸ்ல நெட்வொர்க் அடாப்டர்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல உள்ள டிக்கை எடுத்துரு. எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு 2014 ஏப்ரல் 8-ஓட முடிஞ்சுபோச்சு. 2017 மே மாசம் வானாக்ரைங்கிற பணம்பறி மென்பொருள் ஒலகத்தையே ஆட்டினப்ப, செத்துப்போன எக்ஸ்பிக்கும் மைக்ரோசாப்ட் ஒரு ஒட்டுப் போட்டுச்சுன்னா நெலம எவ்வளவு மோசமா இருந்திருக்கும்னு பாத்துக்கோ. ஃபைல் போகவர ஷேர்டு ஃபோல்டர் ஒண்ணு போதும். எக்ஸ்பி உள்ள உக்காந்து ஃபேஸ்புக் பாக்கணும்னு உனக்குத் தோணும். தோணினா வெளிய போய் ஒரு தே தாரிக் குடிச்சுட்டு வா.

எல்லாம் நடக்கும்னும் நம்பாத. டாங்கிள் யூஎஸ்பி வகைன்னா விர்ச்சுவல்பாக்ஸ் அதை அப்படியே உள்ள தள்ளி விடும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் மாட்டுற அந்த நீளத் துளையில செருகுற பழைய வகைன்னா, புதுப் பொட்டியில துளையே இல்ல. அதுக்குத்தான் லாரிக்காரனை நிறுத்தச் சொன்னேன். உன் தம்பி வச்சிருக்கானே எம்1 ஆப்பிள் லேப்டாப்பு, அதோட சில்லு வேற குலம். எக்ஸ்பிய அதுல ஓட்டணும்னா யூடிஎம் மாதிரி ஒண்ணு இன்டெல் சில்லையே நடிச்சுக் காட்டணும், ஆமை வேகத்துல. அவன் அழகுக்கு வாங்கினான், அழகு பாக்கட்டும்.

இந்த ரூமு பெட்டகந்தான், பட்டறை ஆக்கிராத. உன் கொணம் எனக்குத் தெரியும். வசதியா இருந்தா இன்னும் இருபது வருஷம் எக்ஸ்பிக்குள்ளயே கார்டு அடிச்சுக்கிட்டிருப்பே. உள்ள போய்ப் பழைய ஃபைலைத் திற, பிடிஎஃப்பா ஒரு படி எடு, எழுத்தை மட்டும் தனியா எடுத்து யுனிகோடுக்கு மாத்து. சென்னையில நியூ ஹொரைசன் மீடியா குடுத்த என்எச்எம் கன்வர்ட்டர் டிஸ்கி, டாம், டாப் எல்லாத்தையும் மாத்தும். அதுக்கும் வயசாச்சு, அதையும் ஒரு படி எடுத்து வை. புது வேலையெல்லாம் வெளிய, யுனிகோடுல. அதுல எழுத்துப்பிழை வந்தா மென்பொருள் மேல பழி போட முடியாது, அந்த ஒரு கஷ்டந்தான்.

உன் சித்தப்பன் மளிகைக் கடைக்கும் இதையே சொல்லு. 2015 ஏப்ரல் 1-ல ஜிஎஸ்டி வந்தப்ப அரசாங்கம் 1,000 வெள்ளி வவுச்சர் குடுக்குதுன்னு கணக்கு மென்பொருள் வாங்கினாரு. 2018 ஜூன் 1-ல வரி சுழியமாச்சு, செப்டம்பர்ல விற்பனை, சேவை வரி (எஸ்எஸ்டி) வந்துச்சு. வரி மாறினாலும் கணக்கு போகாது; எந்த வரிக் கணக்கையும் 7 வருஷம் வச்சிருக்கணும்னு சட்டம். அதிகாரி வந்து கேட்டா, ‘அந்தக் கம்ப்யூட்டர் செத்துப்போச்சு சார்’னு சொல்றதை எந்த வரி ஆபீசும் கணக்காச் சேத்துக்காது. இப்ப மின்-விலைப்பட்டியல் வேற 2024 ஆகஸ்டுல இருந்து பெரிய முதலாளிகளுக்குத் தொடங்கிருச்சு. அவரு பெரிய முதலாளி இல்லன்னு அவருகிட்ட சொல்லிறாத, வருத்தப்படுவாரு.

கோயில் கும்பாபிஷேக மலர், தமிழ்ப்பள்ளி மலர், சங்கத்து மலர்னு பழைய ஃபைல் வச்சிருக்கிற பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் அச்சுக் கடைக்காரங்க எல்லாருக்கும் சேத்துத்தான் சொல்றேன். மேசை இழுப்பறையில கிடக்குற அந்த எக்ஸ்பி, பேஜ்மேக்கர், எழுத்துருச் சிடியெல்லாம் இந்த வாரமே ஐஎஸ்ஓ படியா எடுத்து ரெண்டு எடத்துல வைங்க. சிடி உறையில எழுதின சாவி எண்ணையும் போன்ல படம் புடிச்சுக்கோங்க. சிடி போயிருச்சுன்னா நான் மேல சொன்னதுல பாதிக்கு மேல நடக்காது.