எஸ்டேட் பிளானிங், கம்பம் பாணி

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாளும் இரண்டு சாட்சிகளும் போதும், பதிவுகூடக் கட்டாயமில்லை என்கிறது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். கம்பம் பள்ளத்தாக்கில் நாங்கள் அந்த வெள்ளைத்தாளையும் மிச்சப்படுத்திவிட்டோம். உயில் எழுதினால் எமன் விலாசம் விசாரித்து வந்துவிடமாட்டானா?

மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டத்தைத் திருத்தியது. டெல்லிக்கு விடிந்தது 2005-இல். எங்கள் அண்ணன்மார் அந்த இருவரையும் முந்தியவர்கள். தங்கச்சிக்குப் பட்டுச்சேலை, ஒரு கூடை பன்னீர் திராட்சை, கறிச்சோறு. கை கழுவியதும் விடுதலைப் பத்திரம். "சும்மா ஒரு கையெழுத்துத்தான் தாயி." பேனா மட்டும் புதுசு.

தொழிலாளர் விஷயத்திலும் இதே பாசம்தான். விடியுமுன் கம்பம்மெட்டு ஏறும் ஜீப்பில் தலை எண்ணுவது அநாகரிகம். நெருக்கம் இருந்தால்தானே உறவு. இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் வேலைக்கு நியமனக் கடிதம் எதற்கு, ஆளைத்தான் தெரியுமே! 5 வருடம் தொடர்ந்து உழைத்தால் பணிக்கொடை என்று 1972-இல் ஒரு சட்டம் வந்தது. அதற்கு மரியாதை செய்யத்தான் கங்காணி வருகையைப் பென்சிலில் குறிக்கிறார். சட்டைப்பையில் ரப்பரும் உண்டு.

போன வாரம் ஜீப்பிலிருந்து புது ஆள் ஒருத்தி இறங்கினாள். தூக்குவாளி, தலையில் துண்டு, கொஞ்சம் சாயம்போன பட்டுச்சேலை.

"யாருங்கய்யா இது?" என்றார் கங்காணி.

முதலாளி குரல் தழுதழுத்தது. "நம்ம தங்கச்சிய்யா. கூடப்பொறந்தவள விட்டுர முடியுமா? தினக்கூலில சேத்துக்க."

கங்காணி பேனாவை எடுத்தார்.

"பென்சில்ல எழுதுய்யா!"